காயாத கொப்பி

லெம்பேட் கொரியாக் கடலில் காணாமற்போன பதினோராம் நாள் காலமை, அவன் வீட்டில் விட்டுப்போன கட்டம் போட்ட கொரியன் பாடக் கொப்பி தானாக எழுதத் தொடங்கியபோது, சிப்பித்துறைச் சனம் முதன்முதலில் கேட்டது, எழுத்து முந்தியைவிடத் திருந்தியிருக்கிறதா என்றுதான். திருந்தித்தான் இருந்தது. ஊரில் இருந்து படித்த காலத்தில் கட்டத்துக்கு வெளியே வழிந்துகொண்டிருந்த அவனுடைய கோடுகள், இப்போது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் காலை மடக்கிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. கடலுக்குள்ளே விழுந்த பிறகும் பொடியன் பாடம் படிக்கிறான் என்று, நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த பெண்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொப்பியைக் கண்டவள் அவனுடைய அக்கா மெற்றில்டா. தாயும் தகப்பனும் ஒரே வருசத்தில் போய்விட, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவித்த நண்டின் காலுக்குள்ளிருந்து சதையை முறியாமல் உருவி எடுப்பதில் கொம்பனியிலேயே அவளுக்கு நிகர் கிடையாது. கொரியாவுக்குப் போ என்று அவனைச் சொன்னதும் அவள்தான். கொரியன் மொழிச் சோதனைக்கு முந்திய மூன்று மாதமும், நண்டு மணக்கிற கையோடு பாடப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து அவள் கேள்வி கேட்பாள்; அவன் கொரியனில் மறுமொழி சொல்வான்; சொன்னது சரியோ பிழையோ என்று அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். வெளியே பொடியள் பந்தடிக்கிற சத்தம் கேட்கும். "அக்கா, இனிப் போகட்டே?" என்பான். "இன்னும் ஒண்டு. ஒண்டே ஒண்டு" என்பாள். அந்த ஒன்றுக்குப் பின்னால் இன்னும் பத்து இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் விடாமல் அவன் எழும்பியதில்லை.

சோதனையில் அவன் பாஸ். கொரியாவின் மேற்குக் கரையில் ஒரு தீவில், நண்டுக்கூடு போடுகிற வள்ளத்தில் வேலை. இரண்டு வருசம் ஒழுங்காகக் கதைத்தான், படம் அனுப்பினான், அங்கேயும் நண்டுதான் அக்கா என்று சிரித்தான். பிறகு, ஆத்துமாக்கள் திருநாளுக்கு மூன்றாம் நாள், விடியப்புறம் கூடு இழுக்கும்போது கயிறு காலில் சுற்றிக் கடல் அவனை எடுத்துக்கொண்டது. ஏழு நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

சிப்பித்துறையில் மணி அடிக்காத சாவு சாவில்லை. செத்தவரின் வயதுக்கு ஓர் அடியாகக் கோவில் மணி ஊருக்குச் சொன்ன பிறகுதான் அழலாம், கறுப்புக் கட்டலாம், பூசை கேட்கலாம். கோவில் மூப்பர் வஸ்தியாம்பிள்ளை லெம்பேட்டின் இருபத்தேழு வயதுக்கும் அடிக்கவென்று கயிற்றைப் பிடித்தபோது மெற்றில்டா ஓடிவந்து அதைப் பறித்தாள்.

"உடம்பைக் கண்டனீங்களோ, மூப்பர்?"

"இல்லைப் பிள்ளை, ஆனா அங்க சொல்லுகினம்..."

"சொல்லுறவைக்கு மணி இருந்தா அவை அடிக்கட்டும். இந்த மணியில கை வச்சா நான் கயிறை அறுப்பன்."

கொப்பி எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மாதா படத்துக்குக் கீழே தட்டில் இருந்த அது, அன்றைக்குக் காலமை கடலுக்குள்ளிருந்து அப்போதுதான் தூக்கியதுபோல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவன் எழுதாமல் விட்ட முதல் பக்கத்தில் ஒரு வரி. மறுநாள் விடிய இன்னொரு வரி. அவள் அதைக் கருவாட்டுப் பந்தலில் காயப்போட்டாள். சீலாக் கருவாடு மூன்று நாளில் பலகையாகிற வெயிலில் அது காயவில்லை. இஸ்திரிப்பெட்டியை வைத்தாள், புகை வந்தது, ஈரம் போகவில்லை. ஆனால் எழுத்து மட்டும் கரையவேயில்லை. காயாதது காயாமலே இருக்கட்டும் என்று கடைசியில் அவள் அதற்குக் கீழே ஒரு பீங்கான் கோப்பையை வைத்தாள். கோப்பை நாளுக்கொரு தரம் நிரம்பியது. அது உப்புத் தண்ணீர்.

வரியை வாசிக்க சூசைதாசன் மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். மாஸ்டர் ஆறு வருசம் கொரியாவில் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் இருந்து, வலக்கையின் சுட்டுவிரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் கொரியன் வகுப்பு நடத்துகிறவர். லெம்பேட்டும் அவரிடம்தான் படித்தான். அவர் கண்ணாடியைப் போட்டு, நனைந்த தாளை நெடுநேரம் பார்த்து, "என்னுடைய பெயர் லெம்பேட். நான் இலங்கையிலிருந்து வந்திருக்கிறேன்" என்று வாசித்தார்.

சனம் விம்மியது.

"முதலாம் பாடம்" என்றார் மாஸ்டர். "புத்தகத்தில உள்ளதுதான். பெயர் மட்டும் மாத்தியிருக்கு."

அன்றிலிருந்து ஊரின் விடியல் மாறிப்போனது. கரைக்கு வந்த வள்ளக்காரரும் கொம்பனிக்குப் போகிற பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மெற்றில்டாவின் முற்றத்தில் கூடி, மாஸ்டர் வந்து வரியை வாசித்துப் பாட இலக்கத்தைச் சொல்லும்வரை நின்றுவிட்டுப் போனார்கள். நின்றவர்களுக்கு எழுத்துகள் கண்ணில் ஒட்டின. மாஸ்டரும், இவ்வளவு சனம் கூடுகிற இடத்தில் படிப்பிக்காமல் விட்டால் அது பாவம் என்று, கரும்பலகையை முற்றத்துக்கே கொண்டுவந்தார்.

"கொரியன் எழுத்து வெளிய இருந்து வந்ததில்லை" என்பார். "ஒரு ராசா, படியாத சனமும் எழுதோணும் எண்டு, வாய்க்குள்ள கிடந்ததைப் பாத்து வெளிய கீறினது. 'க' எண்டு சொல்லிப்பாருங்கோ. நாக்கு முதுகை வளைக்குது, என்ன? அந்த வளைவுதான் எழுத்து. 'ந' எண்டா நுனி மேல முட்டுது. அதைக் கீறு. 'ம' எண்டா வாய் மூடிக்கிடக்கு. மூடின வாய் ஒரு பெட்டி. பல்லு ஒரு எழுத்து. தொண்டை ஒரு வட்டம்."

"அப்ப பல்லில்லாத மூப்பர் என்னண்டு எழுதுறது?" என்று ஜெசிந்தா கேட்டாள். நண்டுக் கொம்பனியில் மெற்றில்டாவுக்குப் பக்கத்து மேசைக்காரி அவள். அன்றைக்கு மட்டும் மெற்றில்டா சிரித்தாள்.

வெறும் வட்டத்தைப் பற்றித்தான் சனம் அதிகம் கதைத்தது. உயிர் தனியாக நிற்கக்கூடாதாம். முன்னால் ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு வட்டம் வைக்க வேண்டுமாம். அதற்குச் சத்தம் கிடையாது, ஆனால் இடத்தை வெறுமையாக விடக்கூடாது. அதைக் கேட்ட நாளிலிருந்து மெற்றில்டா இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வெறுங்கோப்பையையும் தன் கோப்பைக்கு முன்னால் வைத்தாள். பிறகு ஊரில் கடலுக்கு ஆளைக் கொடுத்த எல்லா வீடுகளிலும் அந்தப் பழக்கம் வந்தது.

ஆறு மாதத்தில் சிப்பித்துறை முழுக்க வாசிக்கப் பழகியது. அர்த்தம் தெரியாது, ஆனால் வாசிக்கும். வள்ளங்களின் முன்புற அணியத்தில் புனிதர்களின் பெயர்களுக்குக் கீழே கொரியனிலும் எழுதினார்கள். நண்டுச் சதை பிரிக்கிற பெண்கள் வாய்க்குள் நாக்கை மடக்கி மடக்கிப் பழகினதில், செபமாலை சொல்லும்போதுகூட ஒரு மாதிரி இழுவை வந்தது. அந்த வருசம் கொரியன் சோதனையில் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பது பேர் பாஸ். கொப்பியில் எந்தப் பாடம் எத்தனை நாள் வருகிறதோ அதிலிருந்துதான் கேள்வி வரும் என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய கொப்பிகளையும் மாஸ்டர்தான் திருத்தினார். பிழைகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். அட்டையில் பெயர் எழுதவேண்டி வந்தால் மட்டும் அதை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு நீலப் பேனையை எடுப்பார். ரெண்டு பேனை வைத்திருக்கிற வாத்தியாரென்று பொடியள் பகிடி பண்ணினார்கள். அவர் அடுத்த கொப்பியை எடுத்தார்.

ஆனால் எந்த வரி பாடம், எந்த வரி லெம்பேட் என்று யாருக்கும் தெரியவில்லை. "இன்று மிகவும் குளிராக இருக்கிறது" என்று ஒரு நாள் எழுதியிருந்தது. பெண்கள் தங்கள் பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகளைக் கொண்டுவந்து கொப்பியைச் சுற்றினார்கள். "பன்னிரண்டாம் பாடம், காலநிலை, பயப்பிடாதேங்கோ" என்றார் மாஸ்டர். "என்னுடைய கையுறையைக் காணவில்லை" என்று வந்தது. "பத்தொன்பதாம் பாடம்." "சாப்பிட்டீர்களா?" என்று வந்த அன்று, மெற்றில்டா கதவைச் சாத்திக்கொண்டு கொப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டனான் ராசா, நீ சாப்பிட்டியோ?" என்று மறுமொழி சொன்னதை ஜெசிந்தா யன்னலால் கண்டாள். ஒவ்வொரு விடியலும் வரியைப் பார்த்து முடித்ததும், மெற்றில்டா ஈரத் தாளைத் தடவி, பழைய பழக்கத்தில், "இன்னும் ஒண்டு" என்று மெல்லச் சொல்வாள். மறுநாள் இன்னும் ஒன்று வரும். எழுதுகிறவன் உயிரோடிருக்கிறான் என்பது அவளுடைய கணக்கு. ஊரும் அதை மறுக்கவில்லை. மணிக்கயிற்றில் சிலந்தி கூடு கட்டியது.

ஆவணி மாதத்தில் கொப்பி நாற்பத்தேழாம் பாடத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

மொன்ஜோ காதோ துவேயோ. முதல் நாளும் அதுதான், இரண்டாம் நாளும் அதுதான். மாஸ்டர் அர்த்தம் சொல்லாமலே விட, நாலாம் நாள், சோதனை பாஸ் பண்ணின பிள்ளையொன்று முற்றத்தில் நின்று மொழிபெயர்த்தது: "நான் முதலில் போகலாமா?"

"போறதோ? எங்க போறது?" என்றார் மூப்பர்.

"வேற எங்க, வீட்டதான்!" என்று ஜெசிந்தா கத்தினாள். "எல்லாருக்கும் முதல்ல தான் வீட்ட போகலாமோ எண்டு கேக்கிறான். பொடியன் வரப்போறான், மெற்றியக்கா!"

சிப்பித்துறையில் யாரும் வாசலைத் தாண்டும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. போட்டு வாறன், அதாவது போய் வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். போவதென்றால் அது திரும்பி வருவதன் முதல் பாதி என்றுதான் அந்த ஊருக்கு விளங்கும். ஆகவே வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். முற்றத்துக்குப் புதுமணல் போட்டார்கள். லெம்பேட்டின் வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு இடுக்குகளுக்குப் பஞ்சு அடைத்தார்கள். கொப்பி ஒவ்வொரு விடியலும் அதே கேள்வியைக் கேட்டது. பத்தாம் நாள் எழுத்துகள் நடுங்கத் தொடங்கின. பதினைந்தாம் நாள் அவை மறுபடியும் கட்டத்துக்கு வெளியே வழிந்தன. கோப்பையில் விழும் தண்ணீர் கையை வைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்தது.

மாஸ்டர் மட்டும் வெள்ளை அடிக்க வரவில்லை. வந்து நின்று, "நாற்பத்தேழாம் பாடம், வேலைத்தலம்" என்று சொல்லிவிட்டு, யாருடைய முகத்தையும் பாராமல் போய்விடுவார். இருபதாம் நாள், சனம் வரமுதல் வந்தார். "கொப்பியைத் தா பிள்ளை, திருத்த வேணும்" என்றார். மாதா படத்துக்கு முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, அந்தக் கடைசி வரிக்குக் கீழே எழுதினார். விரலில்லாத கையில் எழுதுவதால் மெதுவாகத்தான் எழுதினார். மெற்றில்டா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். முதலில் தம்பியின் பெயர், லெம், பே, த்து, மூன்று பெட்டி. பிறகு நாலு எழுத்து: சு, கோ, ஹெஸ், ஸோ. எல்லாம் சிவப்பில்.

"என்ன மாஸ்டர் எழுதியிருக்கிறியள்?"

"நல்லாச் செய்திருக்கிறாய் எண்டு" என்றார். பேனையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கொப்பியில் வரி இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை சனம் வந்து நின்றுவிட்டுப் போனது, பிறகு குறைந்தது, பிறகு ஜெசிந்தா மட்டும் வந்தாள், பிறகு அவளும் வேலிக்கு வெளியிலிருந்தே "ஏதும்?" என்று கேட்கத் தொடங்கினாள். வரப்போகிறவன் பிரயாணத்தில் இருக்கிறான், பிரயாணத்தில் எப்படி எழுதுவது என்றார்கள். மெற்றில்டாவும் அதை நம்பினாள். நம்ப ஒரு காரணமும் இருந்தது. எழுத்து நின்றாலும் ஈரம் நிற்கவில்லை. கோப்பை ஒவ்வொரு நாளும் நிரம்பிக்கொண்டே இருந்தது.

வருசம் திரும்பிக் கார்த்திகை வந்தபோது தீவிலிருந்து கடிதம் வந்தது. காணாமற்போய் ஒரு வருசமாகிவிட்டதால் சாவை உறுதிப்படுத்த உரித்தாளி ஒருவர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், போக்குவரத்தை வள்ளச் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார். மெற்றில்டா போவதற்கு ஒத்துக்கொண்டதைக் கேட்டு ஊர் ஆச்சரியப்பட்டது. அவள் போனது கையெழுத்து வைக்க அல்ல. கொப்பியை நாலு பொலித்தீன் பைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டாள். செத்தவன் எழுதுவானோ என்று அவர்களிடம் கேட்கப்போகிறாள்.

விமான நிலையத்தை விட்டு பஸ் வெளிக்கிட்டதும் அவள் வாசிக்கத் தொடங்கினாள். கடைப் பலகை, பாலத்தின் பெயர், லொறியின் முதுகு, மருந்துக் கடை, கோவில். கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள் ஏறி நாக்கை வளைத்து, பல்லில் முட்டி, தொண்டையில் வட்டமிட்டது. ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. கோ, பி என்று எழுத்துக் கூட்டி, அட, கோப்பிக் கடை என்று ஒரு தரம் தனியே சிரித்தாள். பக்கத்தில் இருந்த கிழவர் அவளுக்கு ஒரு தோடம்பழம் கொடுத்தார். ஆனால் ஒரு மணித்தியாலம் போனபிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த எழுத்துகளை அவள் தம்பியின் கையெழுத்தில் அல்லாமல் வேறெங்கும் அவ்வளவாகக் கண்டதில்லை. பஸ் மணிப் பொத்தானாகட்டும், மலைக்கு மேலே வெளிச்சம் போட்ட பெரும் பலகையாகட்டும், எல்லாவற்றையும் அவன்தான் குந்தியிருந்து எழுதியதுபோல் இருந்தது. ஒரு நாட்டையே எழுதிவிட்டு ஆள் மட்டும் எங்கேயோ ஒளித்திருக்கிறான். பஸ் யன்னலில் நெற்றியை வைத்து, சனங்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லாமல், அவள் பலகை பலகையாக அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

தீவில் கடல் வெகுதூரம் பின்வாங்கி, சேறு வானத்தைப்போல் மினுங்கிக்கொண்டிருந்தது. வள்ளச் சொந்தக்காரர் லெம்பேட்டைக் கடல் எடுத்த பிறகு தொழிலுக்குப் போகவில்லை. மெற்றில்டாவைக் கண்டதும் எழும்பி இடுப்புவரை குனிந்தார். அவள் வீட்டுக்குள் போகும்வரை நிமிரவேயில்லை. அவருடைய மனைவி மியோங்ஜா அவளைக் கையில் பிடித்து அழைத்துப்போய், லெம்பேட் இருந்த அறையின் வாசலைக் காட்டினாள். அங்கே அவனுடைய றப்பர் சப்பாத்துகள் இரண்டும் வெளியே பார்த்தபடி நின்றன. சுற்றிவரத் தண்ணீர் தேங்கியிருந்தது.

மியோங்ஜா கைப்பேசிக்குள் கதைத்தாள். கைப்பேசி, வானொலிச் செய்தி வாசிக்கிற பெண்குரலில், தமிழில் சொன்னது: "நாங்கள் ஒவ்வொரு மாலையும் இந்தக் காலணிகளை உள்நோக்கித் திருப்பி வைக்கிறோம். காலையில் அவை வெளிநோக்கி உள்ளன. அவை உலர்வதில்லை. அயலவர்கள் பழகிவிட்டனர். அவர்கள் காலணிகளுக்கு வணக்கம் சொல்கின்றனர்."

மெற்றில்டா பொலித்தீனைப் பிரித்தாள். கொப்பியிலிருந்து சொட்டிய தண்ணீரும் சப்பாத்துகளைச் சுற்றித் தேங்கிய தண்ணீரும் தரையில் ஒன்றாகச் சேர்ந்தன. மியோங்ஜா குந்தியிருந்து பக்கம் பக்கமாகத் திருப்பினாள். குளிர் பற்றிய வரியில் அழுதாள். கையுறை பற்றிய வரியில் எழும்பிப்போய் ஒரு சோடிக் கையுறையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கடைசிப் பக்கம் வந்ததும், சுட்டுவிட்டதுபோல் கையை எடுத்தாள்.

"உயிருள்ளவரின் பெயரைச் சிவப்பில் எழுதக் கூடாது" என்றது கைப்பேசி. "சிவப்பில் எழுதுவது இறந்தவரின் பெயரை. இதை எழுதியவர் யார்?"

"மாஸ்டர். பள்ளிக்கூட வாத்தி. எங்கட ஊரில திருத்துறது சிவப்பிலதான். அவருக்குத் தெரியாது."

"அவர் இங்கே வாழ்ந்தாரா?"

"ஆறு வருசம்."

மியோங்ஜா கைப்பேசியை மறுபடி வாயருகே பிடித்தாள். பிறகு கைப்பேசி சொன்னது: "அதைத் தெரிந்துகொள்ள ஆறு நாளே போதும்."

மாஸ்டரின் சட்டைப்பை மெற்றில்டாவின் கண்ணுக்குள் வந்தது. சிவப்பை மூடிச் செருகிவிட்டு, பெயருக்கென்று நீலத்தை எடுக்கிற அந்தக் கை. ஒவ்வொரு கொப்பிக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும். அவள் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மியோங்ஜா அந்தக் கேள்வி வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். இங்கே வேலை முடிந்தாலும் இளையவன் தன்பாட்டில் போக மாட்டான், என்றது கைப்பேசி. இன்னும் நிற்கிற மூத்தவரிடம், நான் முதலில் போகலாமா என்று கேட்பான். நிற்கிறவர், பாடுபட்டாய், என்று சொல்ல வேண்டும். சு, கோ, ஹெஸ், ஸோ. அதுதான் விடை. அது கிடைத்தால்தான் காலைத் தூக்கலாம். லெம்பேட் ஒவ்வொரு நாளும் கேட்பான். அன்றைக்குக் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

"உங்கள் ஆசிரியர் விடை கொடுத்திருக்கிறார். ஆகவே அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். ஆனால் போகவில்லை." மியோங்ஜா ஈரத்தைக் காட்டினாள். "அவன் கேட்டது வேறொருவரிடம். அவனுக்கு மூத்தவர் யார்?"

மெற்றில்டா கொப்பியைத் தன் மடிக்கு இழுத்து மூடினாள். அடுத்த நாள் தீவின் அரசாங்கக் கந்தோரில் கறுப்புப் பேனையையும் படிவத்தையும் முன்னால் வைத்தபோது, பேனையைத் திருப்பிக் கொடுத்தாள். படிவத்தை மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். ஊருக்குப் போய் ஓர் ஆளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாள்.

பஸ்ஸால் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல், பையோடு நேரே சங்க மண்டபத்துக்குத்தான் போனாள். வகுப்பு முடிந்து மாஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சிவப்பு எண்டா என்னண்டு உங்களுக்குத் தெரியும்."

துடைத்த கை நின்றது. "ஓம்."

"தெரிஞ்சுதான் எழுதினனீங்கள்."

"ஓம் பிள்ளை."

"என்ர தம்பியை நீங்கள் கொண்டிட்டியள், மாஸ்டர்."

மாஸ்டர் வாங்கில் உட்கார்ந்தார். விரலில்லாத கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டார். "பத்தொன்பது நாள் பொடியன் வாசல்ல நிண்டு கேட்டான். ஊர் முழுக்க வெள்ளை அடிச்சுக்கொண்டு நிக்குது. எழுத்து நடுங்கினதை நீயும் பாத்தனீ. நான் அங்க ஒரு நாள் கேட்டிட்டு நிண்டனான். மேலாள் மறுமொழி சொல்லாமல் மறந்து வீட்ட போயிட்டான். சொல்லாமல் நான் போகலாமோ? விடியவிடிய மெசினுக்குப் பக்கத்தில நிண்டனான். நிண்டபடி நித்திரை தூங்கினன். இது அப்ப போனது." கையைத் தூக்கிக் காட்டினார். "நிண்டுகொண்டே இருக்கிறது என்னண்டு இந்த ஊரில எனக்குத்தான் தெரியும்."

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

வெளியே யாரோ வள்ளம் இழுக்கிற ஏலேலோ கேட்டது. அவள் யோசித்தாள், பொய் சொல்லலாமோ என்றும் யோசித்தாள்.

"இன்னும் ஒண்டு எண்டிருப்பன்" என்றாள்.

"அதுதான்."

"அப்ப ஏன் மாஸ்டர் இன்னும் காயேல்லை?"

"நான் ஆர் அவனுக்கு?" என்றார் மாஸ்டர். "அவனுக்குப் பாடம் கேட்டது நானோ? நான் சொன்னதுக்கு மரியாதைக்குக் கேள்வியை நிப்பாட்டினான். போறதுக்கு உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

அவள் கையை நீட்டினாள். மாஸ்டர் சட்டைப்பையில் தடவி முதலில் நீலத்தை எடுத்தார், பிறகு வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று பெட்டி. ஒரு வருசமாகத் தினம் பார்த்த பெயரை அவள் கொப்பியில் தன் கையால் எழுதுவது அதுதான் முதல் தடவை. 'ல' என்று நாக்கு நெளிகிற எழுத்து, 'ம' என்று மூடிய வாய் என்கிற எழுத்து, எல்லாம் கட்டத்துக்கு வெளியே வழிந்தன. அதற்குக் கீழே அந்த நாலு எழுத்தையும் எழுதினாள். படிவத்தை எடுத்து, நீலப் பேனையை வாங்கி, தன் பெயரைக் கையெழுத்தாக வைத்தாள். பிறகு கோவிலுக்கு நடந்தாள். அவள் நடந்த நடையைப் பார்த்தே பெண்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

மூப்பர் கயிற்றிலிருந்த சிலந்திக் கூட்டைத் தட்டினார். "நான் அடிக்கட்டோ, நீ அடிக்கிறியோ?"

"நீங்கள் அடியுங்கோ. நான் எண்ணுறன்."

இருபத்தேழு அடி. கொம்பனியில் நண்டுச் சதை பிரித்த கைகள் நின்றன. கடலில் இருந்தவர்கள் பாயை இறக்கினார்கள். ஒரு வருசமாக விழுங்கி வைத்திருந்த அழுகையை ஜெசிந்தா முதலில் தொடங்கினாள். பிறகு ஊரே அழுதது. கடைசி அடி அடங்கியபோது மெற்றில்டா கடலைப் பார்த்து, கொரியனில் அந்தச் சொல்லைச் சொன்னாள். வாசிக்க மட்டும் தெரிந்த ஊர் முழுதும் அதைத் திருப்பிச் சொன்னது. பிறகு, அது போதாது என்று அவளுக்குப் பட்டது.

"பாடுபட்டிட்டாய் ராசா" என்றாள். "போட்டு வா."

மறுநாள் விடிய, பழக்கத்தில் எழும்பி மாதா படத்துக்குக் கீழே போனாள். கோப்பையில் தண்ணீர் இல்லை. கொப்பியை எடுத்தாள். கருவாடு காய்ந்ததுபோல் தாள்கள் விறைத்து, திருப்பும்போது சடசடத்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவிலிருந்து வெள்ளையாக உப்பு அவள் மடியில் கொட்டியது. எழுத்துகள் எல்லாம் இருந்தன. நாற்பத்தேழாம் பாடத்துக்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

அவள் ஒரு கல் உப்பை எடுத்து வாயில் வைத்தாள். தாளைத் தடவினாள். இன்னும் ஒண்டு என்கிற சொல் தொண்டையில் புறப்பட்டு, நாக்கை வளைத்து, நுனிவரைக்கும் வந்து நின்றது.

அவள் வாயை மூடினாள். மூடின வாய் ஒரு பெட்டி என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். தம்பியின் பெயரில் அந்த 'ம', லெம் என்கிற முதல் கட்டத்தின் அடியில், மேலே இருக்கிறவற்றைத் தாங்கிக்கொண்டு இருக்கும். உப்புக் கரைந்து முடியும்வரை அவள் அதைத் திறக்கவில்லை.